மார்த்தாள் வீட்டில் அன்று யார் சமைத்தது?

நல்லம்மாள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்த ஒன்றுக்குப் பதில் சொல்ல முடியாமல் பினாங்கில் ஒரு தமிழ்ச் சபையே மூன்று வாரம் முழி பிதுங்கி நின்றது. குற்றம் கேள்வியிலா, சபையிலா என்று கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கோயில் வளவில் இருந்த சின்ன மண்டபத்தில் திடப்படுத்தலுக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஞானஸ்நானம் வாங்கியிருந்தால் மட்டும் போதாது. பிஷப் துரை வந்து தலைமேல் கைவைத்து ஜெபித்துத் திடப்படுத்தின பிறகுதான் நற்கருணைப் பந்தியில் சேரலாம் என்பது அந்தச் சபையின் சட்டம். அதுவரைக்கும் மற்றவர்கள் முன்னே போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு திரும்புவதை, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நல்லம்மாள் அப்படி ஒன்பது வருஷம் பார்த்துவிட்டாள்.

பாடம் சொன்னவர் உபதேசியார் ஜெயராஜ். திருநெல்வேலிக்காரர். முப்பது வயது, ஒல்லி உடம்பு, மழையோ வெயிலோ கையில் ஒரு குடை. பேச ஆரம்பித்தால் மனிதர் பிரமாதமாகப் பேசுவார், அதில் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு மார்த்தாள் மரியாள் கதை. இயேசு அந்தச் சகோதரிகளின் வீட்டுக்கு வருகிறார். மார்த்தாள் விருந்து வேலையில் கிடந்து அல்லாடுகிறாள். மரியாளோ ஆண்டவர் காலடியில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இவளை எனக்கு ஒத்தாசைக்கு அனுப்பக்கூடாதா என்று மார்த்தாள் முறையிட, நீதான் கிடந்து கவலைப்படுகிறாய், மரியாள் செய்ததே நல்லது என்று ஆண்டவர் சொல்லிவிடுகிறார்.

"பாத்தீங்களா, அடுப்படி பெருசில்ல, ஆண்டவர் பாதந்தான் பெருசு" என்று குடையால் தரையில் ஒரு தட்டுத் தட்டி முடித்தார் உபதேசியார்.

நல்லம்மாள் கையைத் தூக்கினாள். "அப்ப அன்னிக்கு யாருங்கய்யா சமைச்சா?"

பெஞ்சியில் இருந்த மற்ற ஆறு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார். "அது ஆவிக்குரிய அர்த்தம்மா. சோத்தைப் பத்தின விஷயமே இல்ல."

"இல்லங்கய்யா. மார்த்தாளும் உக்காந்துட்டான்னா அடுப்புல இருந்தது என்னாச்சு? வந்தவங்க பட்டினியாவா போனாங்க? இல்ல, அவ மறுபடி எந்திரிச்சு அடுப்படிக்கே போனாளா? போனான்னா, ஆண்டவர் பேச்சை அவ எப்பத்தான் கேட்டா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. உபதேசியார் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், கூரையைப் பார்த்தார். "அடுத்த வாரம் சொல்லுதேன்" என்றார். அந்த மண்டபத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் ஒன்றும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு அசனம் தெரிய வேண்டும். பிஷப் துரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி வருவார். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வளவில் அசனம் நடக்கும். ஏழை பணக்காரன், இன்ன சாதி என்று பார்க்காமல் சபை மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்கிற விருந்து அது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு அசனம் என்றால் உயிர். கடல் தாண்டி வந்தபோது துணிமூட்டையோடு அதையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நல்லம்மாள் திருநெல்வேலி இல்லை. சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமானதும் புருஷனோடு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு டவுனுக்கு வந்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வகுப்பெல்லாம் முடித்து, வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டு வைத்துத் தயாராக நின்றாள். அசனத்துக்குச் சமைக்க வேண்டியவன் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டான். "இந்த ஒரு தடவை மட்டும் நல்லம்மா" என்று அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். வினை அங்கேதான் பிடித்தது. அவள் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பைத் தின்ற நாக்கு, அப்புறம் வேறு யார் குழம்பையும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னாலும் அதே கதை. உள்ளே பிஷப் ஒவ்வொரு தலையாகக் கைவைத்துக்கொண்டு போக, வெளியே இவள் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆண்கள் இருக்கிறார்களே, குழம்பை வழித்து நக்கிக்கொண்டே, "எங்க ஊர்ல அசனத்துக்கு ஆம்பளைங்கதான் ஆக்குவோம், பொம்பளைங்களைக் கரண்டி தொட விடமாட்டோம்" என்று பெருமை வேறு அடிப்பார்கள்.

அன்று வகுப்பு முடிந்து அவள் வெளியே வந்தபோது கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வாசலில் காத்திருந்தார்கள். பெரியவர் பல்லைக் காட்டினார். "நல்லம்மா, பிஷப் துரை வர இன்னும் மூணு வாரந்தான். இந்தத் தடவை இருநூறு பேரு. ஒன்னைத்தான் நம்பியிருக்கோம்."

தலையை ஆட்டினாளா, ஆட்டவில்லையா என்று அவளுக்கே தெரியாது. அவர்கள் ஆட்டினதாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவள் பாத்திரங்களை உருட்டின உருட்டில் அடுத்த வீட்டுப் பூனை ஓடிவிட்டது. புருஷன் வாசு டிராம் கண்டக்டர். ஞானஸ்நானத்தில் பாக்கியநாதன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கோயில் பதிவேட்டோடு சரி, ஊருக்கு அவன் வாசுதான்.

"முடியாதுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானேலா" என்றான்.

"சொல்லிட்டு? இருநூறு பேரு வெறும் எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்களா? யாரு ஆக்குவா?"

"நீ கேட்ட கேள்விதான் இதுவும்" என்று வாசு சிரித்தான். அவள் முறைத்த முறைப்பில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பைபிளை எடுத்தான். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். வாசிப்பது அவன் வேலை. ஆயர் ஈத்தாம் வண்டியில் ஸ்டாப் பெயரைக் கத்துகிற அதே குரலில்தான் வேதத்தையும் வாசிப்பான். அந்தப் பகுதியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். யார் சமைத்தது என்று மூன்று தடவையும் இல்லை.

"மார்த்தாள் பேரு வேற எங்கெங்க வருதுன்னு தேடு" என்றாள். அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் அவனுக்கு அதுதான் வேலை.

இடையில் ஹபீப் முகம்மதுவைப் பார்க்கப் போனாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். அசனத்துக்குப் பெரிய அண்டாக்கள் வழக்கமாக அவரிடமிருந்துதான் வரும். அண்டாவைத் தட்டி ஓட்டை பார்த்துக்கொண்டே தன் கேள்வியையும் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அப்படிப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

ஹபீப் முகம்மது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். சமையல் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் அவர் விளையாட மாட்டார். "உங்க கிதாபு விவகாரம் எனக்குத் தெரியாது தங்கச்சி. அன்னிக்கு வந்த விருந்தாளி எத்தனை பேரு? அதச் சொல்லு மொதல்ல."

"ஆண்டவரு. கூட சீஷருங்க பன்னெண்டு பேரும் வந்திருப்பாங்க அண்ணே."

"பதிமூணு தலை. ஒரு பொம்பளை கையால ஆவுற காரியமா இது? அந்தம்மா தங்கச்சியக் கொற சொல்லுச்சு, சரி. அந்தப் பன்னெண்டு ஆம்பளைங்க என்ன வேல பாத்தவங்க?"

"நாலஞ்சு பேரு மீன் பிடிக்கிறவங்க."

"அல்லா! மீன் பிடிக்கிறவனுக்கு ஒரு மீனக் கழுவித் தரத் தெரியாதா?" ஹபீப் முகம்மதுவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தானுங்களா அத்தனை பேரும்? என் கடையில இருந்தா வெரட்டியிருப்பேன்லா!"

நல்லம்மாள் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இத்தனை நாள் அந்த இரண்டு பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தோமே, வீடு நிறைய உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் கண்ணில் படவே இல்லையே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அடுத்த வகுப்புக்குக் காத்திருக்காமல் வெள்ளிக்கிழமையே உபதேசியார் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார். முகத்தில் வெளிச்சம். பதில் கிடைத்துவிட்டதாம்.

"யோவான் பன்னிரண்டாம் அதிகாரம். ஆண்டவர் மறுபடியும் பெத்தானியாவுக்கு வருதாரு, விருந்து நடக்கு. அங்கயும் மார்த்தாள்தான் பணிவிடை செய்தா. இந்தத் தடவை அவளை ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லல பாத்தியாம்மா? அவ ஊழியம் அது. ஒன் ஊழியமும் அதுதான். சந்தோஷமா அசனத்தை ஆக்கு. பிஷப் அடுத்த தடவை வரும்போது..."

"அதுக்கு முந்தின அதிகாரம் வாசிச்சீங்களாய்யா?" என்றாள் நல்லம்மாள்.

உபதேசியார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

அவள் வாசுவைக் கைகாட்டினாள். "இவரு வாசிச்சாரு, நான் கேட்டேன். அவுங்க தம்பி லாசரு செத்து நாலு நாளு. துக்கம் கேக்க வீடு நெறைய ஆளு. சாவு வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஏதாச்சும் குடுக்கணும்ல, அன்னிக்கும் அடுப்பு மார்த்தாள் தலையிலதான் இருந்திருக்கும். ஆனா ஆண்டவர் ஊருக்கு வெளிய வந்துட்டாருன்னு கேட்டதும் போட்டது போட்டபடி விட்டுட்டு ரோட்டுக்கு ஓடினது யாரு? மார்த்தாள். வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தது யாரு? மரியாள். நீர்தான் கிறிஸ்துன்னு ரோட்டுல நின்னு மொகத்துக்கு நேரா அறிக்கை பண்ணினதும் மார்த்தாள்தான்யா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அவளும் ஒரு நாளு ஓடினாய்யா. நானும் இந்தத் தடவை ஓடத்தான் போறேன். ஆறு வருஷமா எல்லாருக்கும் பந்தி போடுறேன். அந்தப் பந்தியில ஒரு நாளு நான் உக்கார வேணாமா?"

வாசு அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். உபதேசியார் எழுந்தார். காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்சானா மரத்தடியில் கமிட்டி கூடியது. விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. "கடையில வாங்கிரலாம்" என்றார் ஒருவர். "அசனத்தைக் கடையில வாங்குறதா? சபைக்காரங்க கையால ஆக்கினாத்தானய்யா அசனம்!" என்று இன்னொருவர் பாய்ந்தார். கடைசியில் பெரியவர் நல்லம்மாளைப் பார்த்துக் கையைக் கூப்பாத குறையாகக் கெஞ்சினார். "இந்த ஒரு தடவை..."

"உங்க ஊர்ல ஆம்பளைங்கதான ஆக்குவீங்க?" என்றாள் நல்லம்மாள். "ஆறு வருஷமா என் குழம்பைச் சாப்பிட்டுக்கிட்டே சொல்றீங்களேய்யா."

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கரண்டி பிடித்தவர்கள் ஊரில் இருந்த தாத்தனும் சித்தப்பனும்; இவர்கள் பிடித்ததெல்லாம் இலையின் ஓரத்தைத்தான். ஆனால் அதை யார் வாய்விட்டுச் சொல்வது?

அதுவரை மரத்தில் சாய்ந்து நின்றிருந்த உபதேசியார் முன்னே வந்தார். "நல்லம்மா, ஒன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாதும்மா" என்றார் எல்லோரும் கேட்க. "அன்னைக்கு யாரு சமைச்சான்னு எழுதல. தேடித் தேடிப் பாத்துட்டேன். ஆனா யாரு சமைக்கலாம்னு எழுதியிருக்கு." யோவானின் கடைசி அதிகாரத்தைத் திறந்து வாசித்தார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் விடியற்காலையில் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு, வலை இழுத்துக் களைத்துப்போன சீஷர்களைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்ட இடம் அது.

"அங்க மார்த்தாளும் இல்ல, மரியாளும் இல்ல. அடுப்பு ஊதினது ஆண்டவரே" என்றார் உபதேசியார். "அவருக்குக் கவுரவக் குறைச்சல் இல்ல, நமக்கு என்ன?" குடையை மரத்தில் மாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார். சமையல் என்னவோ இன்னும் இரண்டு வாரத்துக்கு அப்புறம்தான், ஆனாலும் மடித்துவிட்டார். நல்லம்மாளுக்கு அந்த ஒல்லி மனிதர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

பிஷப் துரை வந்த ஞாயிறன்று விடியும்போதே கொல்லைப்பக்கம் அமளி. எட்டு ஆண்கள், மூன்று அடுப்பு, எட்டுப் பேருக்கும் ஒன்பது யோசனை. ஹபீப் முகம்மது அண்டாக்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போக மனமில்லாமல் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சபைக்காரர் அல்லாதவர் கரண்டி தொடக் கூடாது என்பதால் அவர் தொடவில்லை. வாயை யார் கட்டுவது? "வெங்காயம் அழுவுறதுக்கு முன்னாடி நீ அழுவுற! தீயக் கொறடா! அது மஞ்சத்தூளு, மல்லித்தூளு இந்தப் பக்கம்!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் குழம்பு ஏதோ குழம்பாக உருவெடுத்தது. பிஷப்பின் இங்கிலீஷைத் தமிழில் சொல்ல வேண்டியவர் உபதேசியார். ஆகவே கோயில் மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வெங்காய வாசனையோடு உள்ளே ஓடினார். ஹபீப் முகம்மதுவும் கடையைத் திறக்கப் போய்விட்டார். கடைசி அண்டாச் சோற்றை வாசுவிடம் ஒப்படைத்துவிட்டு, "கண்ணை எடுத்துராத" என்று மற்றவர்களும் ஆராதனைக்குப் போய்விட்டார்கள்.

நல்லம்மாள் வெள்ளைச் சேலை முக்காட்டோடு ஏழாவது ஆளாக நின்றாள். ஒவ்வொருவராக முன்னே போய் முழங்காலிட்டார்கள். மூன்றாவது ஆள் எழுந்திருக்கும்போது அவள் மூக்குக்கு எட்டியது. சோறு அடிப்பிடிக்கிறது!

மற்றவர்களுக்கு அது அப்புறம்தான் எட்டியது. எட்டியதும் இருநூறு தலையும் மெதுவாக நல்லம்மாள் பக்கம் திரும்பின. ஆறு வருஷப் பழக்கம். அவள் கால் தன்னால் வாசல் பக்கம் அரை அடி நகர்ந்துவிட்டது. தீயை இழுத்துப் போட்டு, மேல்சோற்றை வாரி வேறு பாத்திரத்தில் தட்டி, வெங்காயத்தை வெட்டி நடுவில் வைத்தால் வாசனை இறங்கிவிடும். ஓடினால் பாதி அண்டாவைக் காப்பாற்றிவிடலாம். இந்த வாசு எங்கே போய்த் தொலைந்தான்?

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வாசுவின் முகம். கையில் கரண்டி, நெற்றியில் கரி. பின்னால் புகை எழும்புவது தெரியாமல், பெண்டாட்டியின் முறை வருவதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் கண்ணில் தண்ணீர் நிற்பது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

நகர்ந்த காலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். ஆண்டவரே, சோறு தீயுது, தெரியும், தீயட்டும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, முறை வந்ததும் போய் முழங்காலிட்டாள். பிஷப் துரையின் பெரிய கை அவள் தலையில் இறங்கியது. அவர் இங்கிலீஷில் சொன்ன ஜெபத்தை உபதேசியார் தமிழில் சொல்லும்போது அவர் குரல் தடுமாறியது, நல்லம்மாள் அழுதுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பத்துண்டு அவள் உள்ளங்கைக்கு வந்தது, கிண்ணம் உதட்டுக்கு வந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

அசனப் பந்தி தொடங்கியது. வழக்கமாக ஆக்கினவள் கடைசியில் உட்காருவாள். இன்றைக்கு நல்லம்மாளை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். எதிர் வரிசையில் பிஷப் துரை சப்பணம் போட முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உபதேசியாரே சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குழம்பு வாளியோடு பின்னால் வந்தான். இலையில் விழுந்த சோற்றில் பாதி பழுப்பு. புகை வாடை வளவையே தூக்கியது. குழம்பில் உப்புத் தூக்கல், கறி இன்னும் வேக வேண்டும்.

நல்லம்மாள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். பந்தியே சாப்பிடாமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் உபதேசியார்.

"நல்லா இல்லங்கய்யா" என்றாள் நல்லம்மாள். இன்னொரு வாய் அள்ளி வைத்துக்கொண்டு, இலையை அவர் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம் வைங்க."